கூரைப் பாலங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் ஆற்றுக்கும் பஞ்சமில்லை, பாலத்துக்கும் பஞ்சமில்லை. பியர்பொன்ட்ஸின் வடக்கு எல்லையாகப் பிரேரி ஆறு ஓடுகிறது. ஈல் பிஸார் தீவில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போகவும் வரவும் அதைப் பாலத்தில்தான் கடக்கிறார்கள். ஆனால், கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் மொன்றியல் தீவைவிட்டு வெளியே கிளம்ப வேண்டும். நெடுந்தூரம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கார்ப் பயணத்தில், உலகில் வேறெங்கும் மிஞ்சாத ஒரு வகைப் பாலம் 1861இலிருந்து நின்றுகொண்டிருக்கிறது.

கியூபெக் மாகாணத்தில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூரைப் பாலங்கள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 80. வெள்ளம் கொண்டுபோனவை உண்டு. வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்து வந்து மோதிச் சாய்த்தவை உண்டு. பாரவண்டிகள் நசுக்கியவை உண்டு. பொழுதுபோகாத யாரோ தீ வைத்து எரித்தவையும் உண்டு. ஆகவே இந்தத் தேடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். பாலத்துக்கு எதற்குக் கூரை? குதிரைகள் தண்ணீரைக் கண்டு மிரளாமல் இருக்க என்பார்கள். மழைக்கு ஒதுங்க என்பார்கள். காதலர்கள் முத்தமிட்டுக்கொள்ள என்று சுற்றுலாக் கையேடுகள் கண்ணடிக்கும். உண்மையான காரணம் தச்சருக்கு உடனே விளங்கும்: நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் மரம் உளுத்துப்போகும். திறந்தவெளியில் விட்ட மரப்பாலம் பத்து, இருபது ஆண்டுகளில் பழுதாகிவிடும். மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் அடித்தால் நூறு ஆண்டைத் தாண்டியும் நிற்கும். அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் என்று சொல்லப்படுவது 1805இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் டிமத்தி பால்மர். கூரை போட வேண்டும் என்று வற்புறுத்தியது அவரல்ல, பாலக் கம்பெனியின் தலைவரான நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். முதல் போட்டவருக்குத்தானே அதன் ஆயுளைப் பற்றிய கவலை அதிகம்!

கூரையால் ஒரு வேடிக்கையான தொல்லையும் வந்தது. குளிர்காலத்தில் குதிரை இழுக்கும் சறுக்குவண்டிதான் போக்குவரத்து. பாலத்துக்குள் பனி விழாததால் வண்டி பலகையில் இழுபட்டு நின்றுவிடும். எனவே ஆள் வைத்துப் பனியை வாரி உள்ளே கொட்டிப் பரப்பினார்கள். இன்று பியர்பொன்ட்ஸில் வாசல் பனியைத் தள்ளிக் களைத்துப்போகிறவர்கள் நம்பச் சிரமப்படக்கூடும்.

கூரை, சுவர், சிவப்புச் சாயம் எல்லாம் உடுப்பு. பாலம் என்பது உள்ளே இரு பக்கமும் ஓடும் மரச் சட்டகம். பலர் தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது வெறும் கொட்டகை. உள்ளே நடந்துபோய், இடப்பக்கமும் வலப்பக்கமும் மரங்கள் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்று பார்த்தால்தான் எந்தப் பாலம், எந்தக் காலம், யாருடைய யோசனை என்பது பிடிபடும்.

மிக எளியது நடுவில் ஒற்றைக் கம்பமும் அதன் உச்சியிலிருந்து இரு பக்கமும் சரியும் சாய்மரங்களும் கொண்ட முக்கோணம். சின்ன ஓடைகளுக்கு அது போதும். கம்பத்தை இரண்டாக்கி, உச்சிகளை ஒரு குறுக்குமரத்தால் இணைத்தால் இன்னும் கொஞ்சம் நீளம் கிடைக்கும். ஒற்றைக் கம்ப முக்கோணத்தையே வரிசையாக அடுக்கினால் அது மூன்றாவது வகை. கியூபெக்கின் ஈஸ்டர்ன் டவுன்ஷிப்ஸ் என்ற பகுதியில், காம்ப்டனில் 1886இல் கட்டிய ட்ரூவான் பாலம் போன்றவற்றில், அதைக் காணலாம். 1840இல் வில்லியம் ஹோவ் என்ற அமெரிக்கர் செங்குத்து மரங்களுக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளைப் போட்டுத் திருகி இறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மரச் சட்டகத்தில் செங்குத்தாக இரும்புத் தண்டும் அதன் முனையில் திருகாணியும் தெரிந்தால் அது ஹோவ்.

கியூபெக்கில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது இவை எதுவுமல்ல. பாய்ப் பின்னலை அகல விரித்துப் பிடித்தது போலப் பலகைகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும் வலைச் சட்டகம். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இதியல் டவுன் 1820இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெரிய உத்திரங்கள் வேண்டாம், தேர்ந்த தச்சரும் வேண்டாம். மரம் அறுக்கும் ஆலையில் கிடைக்கிற சாதாரணப் பலகையும் அதில் துளை போட்டு மர ஆணி அடிக்கத் தெரிந்த கையும் இருந்தால் ஊரே சேர்ந்து கட்டிவிடலாம். டவுன் கெட்டிக்கார வியாபாரி. பாலத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு டொலர் உரிமத் தொகை கேட்டார். சொல்லாமல் கட்டிவிட்டு அகப்பட்டால் அடிக்கு இரண்டு டொலர்.

இந்த வலைச் சட்டகம்தான் கியூபெக்கின் குடியேற்ற வரலாற்றோடு கலந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாணத்தின் குடியேற்ற அமைச்சு, காட்டை வெட்டி நிலமாக்கப் போன குடும்பங்களுக்குப் பாதையும் பாலமும் அமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. டவுனின் வடிவத்தை எடுத்து, பலகைகளை மெலிதாக்கி, மர ஆணிக்குப் பதிலாக இரும்பாணி அடித்து, மலிவான ஒரு கியூபெக் வடிவத்தை உருவாக்கினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத நகரத்துக் குடும்பங்களை வடக்கே அனுப்ப 1932இல் கோர்டன் திட்டமும் சில ஆண்டுகளில் அமைச்சர் இரேனே வோத்ரானின் பெயரிலான திட்டமும் வந்தன. அப்படி ஆட்கள் போய்ச் சேர்ந்த பகுதிகளுள் ஒன்று அபிடிபி. மற்ற இடங்களில் இரும்பும் கொங்கிரீட்டும் வந்துவிட்ட பிறகும் கியூபெக்கில் 1950களின் இறுதிவரை கூரைப் பாலம் கட்டினார்கள். ஆகவே இங்கே கூரைப் பாலம் என்றாலே குதிரைவண்டிக் காலம் என்று எண்ணிவிடக் கூடாது. அபிடிபியின் சில பாலங்கள் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் கார்கள் ஓடிய நாட்களில் கட்டியவை. பழமையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுகிறவர்கள் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள்; ஒதுக்கத் தேவையில்லை. வெறுங்கையோடு காட்டுக்குப் போனவர்களுக்கு ஊரை ஊரோடு இணைத்துக் கொடுத்தவை அவை.

இனிப் பயணம். பியர்பொன்ட்ஸிலிருந்து கிளம்புகிறவருக்கு முதலாவது பாலம் எது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை: பவர்ஸ்கோர்ட். 40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே போய், வோத்ரொய்யில் 30ஐப் பிடித்து, வாலிஃபீல்ட் பக்கமாக ஹண்டிங்டன் போக வேண்டும். அங்கிருந்து தெற்கே அமெரிக்க எல்லையை நோக்கிப் பண்ணைகளுக்கு நடுவே போனால், எல்ஜின், ஹின்சின்புரூக் என்ற இரண்டு சிற்றூர்களை இணைத்து ஷாட்டோகே ஆற்றின் மேல் அந்தப் பாலம் நிற்கிறது. பர்சி பாலம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. 1861இல் கட்டியது, கனடாவில் எஞ்சியிருக்கும் கூரைப் பாலங்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. ஆனால் வயது மட்டும் அதன் பெருமை அல்ல.

உள்ளே போனதும் மேலே ஓடும் நீளமரத்தைக் கவனிக்க வேண்டும். மற்றப் பாலங்களில் அது நேராக இருக்கும்; இங்கே வில் போல மெல்ல வளைந்து எழும். கரையிலிருந்து கிளம்பும் சாய்மரங்கள் அந்த வளைவைப் போய்த் தாங்கும். இது டானியல் மக்கலம் 1851இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஸ்கொட்லாந்தில் பிறந்து நியூயோர்க் மாநிலத்தில் குடியேறிய மக்கலம், ஈரி ரயில் கம்பெனியின் தலைமை மேற்பார்வையாளராக உயர்ந்தார். யார் யாருக்குக் கீழே என்று காட்டும் நிறுவன வரைபடத்தை முதன்முதலாக வரையச் செய்தவர்களில் அவர் ஒருவர். இன்று அலுவலகச் சுவர்களில் தொங்கும் அத்தனை வரைபடங்களுக்கும் அது முன்னோடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையின் ராணுவ ரயில்களை நடத்தியவரும் அவர்தான். கனத்த ரயில் எஞ்சின் ஏறினாலும் வளையாத சட்டகம் என்று எண்ணி அவர் வடித்த வடிவம் ரயில் பாதைகளில் பரவியது. பிறகு இரும்பு வந்தது. மக்கலம் பாலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் உலகத்திலேயே ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் ரயில் ஓடாத ஒரு கிராமச் சாலையில். 1984இல் கனடா அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

அங்கே கடையும் இல்லை, சுற்றுலா ஆரவாரமும் இல்லை. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். ஆற்றங்கரை நிலமெல்லாம் யாரோ ஒருவருடைய பண்ணை என்பதை மறக்காமல் சாலை ஓரத்தோடு நின்றுகொள்வது அதைவிடப் புத்திசாலித்தனம்.

இரண்டாவது நாளுக்கு புரோம்-மிசிஸ்குவா வட்டாரம். 10ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே போய்த் தெற்கே இறங்கினால் ஒரே நாளில் ஐந்து பாலங்களைப் பார்த்துவிடலாம். கௌவன்ஸ்வில் ஊரில் 1870இன் ஃப்ரீபோர்ட் பாலம். பிரிகாமில் 1932இன் பால்தசாரும் 1938இன் டெசெலும். நோத்ர்-டாம்-து-ஸ்டான்பிரிட்ஜ் அருகே 1884இன் டே ரிவியேர் பாலம். இது ஹோவ் வகை, மாகாணத்தில் அந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றே. செயின்ட்-ஆர்மாண்டில் 1888இன் கத்ரி பாலம். நீளம் 15 மீட்டர்தான், ஓட்டுநர் பேச்சு மும்முரத்தில் இருந்தால் கடந்ததே தெரியாது. இந்த வட்டத்தின் நன்மை பாலங்களின் எண்ணிக்கை அல்ல. ஃப்ரீபோர்ட்டில் டவுனின் பழைய வலை, டே ரிவியேரில் ஹோவின் இரும்புத் தண்டு, பால்தசாரில் குடியேற்ற அமைச்சின் மெலிந்த பலகை என்று மூன்று தலைமுறைத் தச்சு வேலையை ஒரே பகலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு மனத்தில் தங்கும்.

நேரம் குறைந்தவர்களுக்கு 40இல் கிழக்கே பேர்த்தியேர்வில்லுக்குப் போய் 1883இன் கிரான்ஷாம் பாலம். லொரன்ஷியன் மலைப் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் மொன்-ட்ரெம்ப்லானுக்கு அருகே பிரேபெஃப் ஊரில் 1918இன் ப்ருதோம் பாலத்தையும், இன்னும் வடக்கே போனால் லா மகாஸாவில் 1904இன் பாலத்தையும், லியேவ்ர் ஆற்றில் ஃபெர்ம்-ரூஜ் இரட்டைப் பாலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நீளமானது வேண்டுமென்றால் இரண்டு: போஸ் வட்டாரத்தில் நோத்ர்-டாம்-தே-பானின் பெரோ பாலம் 1929, ஒட்டாவா ஆற்றுப் பக்கம் மான்ஸ்ஃபீல்டில், மாகாண முதல்வராக இருந்த ஃபெலிக்ஸ்-கப்ரியேல் மர்ஷானின் பெயரிட்ட 1898இன் பாலம். இரண்டுமே 150 மீட்டர் அளவு. உலக நீளம் என்றால் பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கின் ஹார்ட்லண்ட்: 391 மீட்டர், 1901இல் திறந்து 1922இல் கூரை போட்டது.

கட்டினோ ஆற்றின் வேக்ஃபீல்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1915இல் கட்டிய ஜான்ட்ரோன் பாலத்தை 1984இல் தீ வைத்து எரித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. ஆண்டுக்கணக்காகப் பணம் திரட்டி, 1997இல் அதே இடத்தில் புதிய கூரைப் பாலத்தைத் திறந்தார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டுமே போகலாம். இது வரலாற்றுப் பாலமா? கட்டடத்தைக் கணக்கெடுக்கிறவர் இல்லை என்பார். லூசெர்ன் நகரத்துச் சப்பல் பாலம் பதினான்காம் நூற்றாண்டுப் பாலமாகவே கொண்டாடப்படுகிறது. அதிலும் பெரும்பகுதி 1993 ஆகஸ்ட் தீயில் போய் மறு ஆண்டு கட்டியதுதான். மரப்பாலம் என்றாலே பலகை மாறிக்கொண்டே இருக்கும். வேக்ஃபீல்டுக்குப் போகலாம், ஆனால் அங்கே பார்க்கப்போவது 1915ஐ அல்ல, 1997ஐ என்று தெரிந்து போக வேண்டும்.

இதைவிடக் கறாரான ஒரு சோதனை உண்டு. கரைக்கு இறங்கிப் பாலத்தின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கரைவரை இரும்பு உத்திரம் ஓடினால், பாரத்தைத் தாங்குவது அதுதான். பக்கத்து மரச் சட்டகம் அலங்காரமாகிவிட்டது. உணவகங்களும் கோல்ஃப் மைதானங்களும் வாசலில் கட்டி வைக்கும் கூரைப் பாலங்களில் பல இந்தச் சோதனையில் தோற்கும். சில உண்மையான பழைய பாலங்களும் போக்குவரத்துக்காக இப்படி வலுவூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் போலி என்று தள்ளக் கூடாது. ஊருக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டும் அல்லவா?

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குக் கூரைப் பாலம் அப்படியொன்றும் அந்நியமல்ல என்பதையும் இங்கே நினைவூட்டலாம். பதுளைக்கு மேற்கே, ஹாலிஎலவுக்கு அப்பால், போகொட விகாரையின் அடிவாரத்தில் கல்லந்த ஓயாவின் மேல் ஓட்டுக்கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக்குரியது என்பார்கள். பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய வழியில், கால்நடையாகவும் பொதிமாடுகளோடும் வந்தவர்கள் அதைக் கடந்தார்கள். நீளம் சுமார் 15 மீட்டர், அகலம் 2 மீட்டருக்கும் குறைவு. இரும்பாணி இல்லாத பொருத்து வேலை. ஆனால் பவர்ஸ்கோர்ட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர் ஒரு வேறுபாட்டை உடனே காண்பார். போகொடவை ஆற்றிலிருந்து எழும் பெரிய மரத்தண்டு தாங்குகிறது. கியூபெக்கின் சட்டகங்கள் ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கிவரை தாமே எட்டி நிற்கின்றன. பனிக்கட்டி உடைந்து வரும் ஆற்றில் நடுவே தூண்கள் கூடினால் ஆபத்து; அதனால் பாலத்தின் கண்களை அகலமாக்க வேண்டியிருந்தது. ஊவாவில் அந்தக் கவலை இல்லை. ஊருக்கு விடுமுறையில் போகிறவர்கள் எல்லவுக்கு ஓடுகிற வழியில் அரைநாளை போகொடவுக்கு ஒதுக்கலாம்.

புதிய பாலங்களைத் தாமாகத் தேடிப் பிடிக்க விரும்புகிறவருக்குச் சில வழிகள். கூரைப் பாலங்களுக்கு உலகளாவிய இலக்க முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் கூரைப் பாலப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் உலகக் கையேடு இதைப் பயன்படுத்துகிறது. முதல் எண் மாநிலம் அல்லது மாகாணம், இரண்டாவது மாவட்டம், மூன்றாவது பாலம். கியூபெக்கின் எண் 61, நியூ பிரன்ஸ்விக் 55, வெர்மான்ட் 45. அழிந்த கூரைப் பாலம் ஒன்றின் இடத்தில் மறுபடி கட்டியதென்றால் பின்னால் 2 என்ற குறி சேரும். ஒரே பெயரில் பல பாலங்கள் இருப்பதால் இந்த இலக்கம் குழப்பத்தைத் தீர்க்கும். ஆழமாகப் படிக்க விரும்பும், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு, ஜெரால் ஆர்பூர், ஃபெர்னான் கரோன், ஜான் லெஃப்ரான்சுவா மூவரும் எழுதி 2005இல் வந்த கியூபெக் கூரைப் பாலங்கள் பற்றிய நூல் இருக்கிறது. பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தானே படிக்கிறார்கள். வீட்டில் மொழிபெயர்ப்பாளருக்குக் குறைவில்லை.

வரைபடத்திலும் தேடலாம். ‘பொன்-கூவேர்’ (கூரைப் பாலம்), ‘பொன்-ரூஜ்’ (சிவப்புப் பாலம்) என்று முடியும் சாலைப் பெயர்கள் நல்ல துப்பு. பாலம் போன பிறகும் பெயர் தங்கிவிடுவது உண்டு, அதனால் செயற்கைக்கோள் படத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்: சாலை ஆற்றை அடைந்ததும் மறைந்து, நீண்ட தகரக் கூரை ஒன்று தெரிந்து, எதிர்க்கரையில் சாலை மீண்டும் தொடங்கினால் அதுதான். கியூபெக் பண்பாட்டு அமைச்சின் மரபுச் சொத்துப் பதிவேட்டில் கட்டிய ஆண்டும் சட்டக வகையும் கிடைக்கும். நுழைவாயிலுக்கு மேலே பெயரும் ஆண்டும் எழுதியிருப்பது பல பாலங்களில் வழக்கம்.

எல்லை தாண்ட அனுமதி உள்ளவர்களுக்கு வெர்மான்ட் திறந்து கிடக்கிறது. அங்கே நூறு அளவில் இருக்கின்றன. எல்லையை ஒட்டிய மொண்ட்கொமரி என்ற சிற்றூரிலும் சுற்றிலும் ஜுவெட் சகோதரர்கள் கட்டிய டவுன் வலைப் பாலங்கள் பல நிற்கின்றன.

பருவம் முக்கியம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை இலை நிறம் மாறும் நாட்களில் படம் அழகாக வரும், கூட்டமும் வரும். சட்டகத்தைப் படிக்க வருகிறவர்களுக்கு நவம்பர் ஆரம்பம் நல்லது; இலை உதிர்ந்து பக்கவாட்டுத் தோற்றம் முழுதாகத் தெரியும். ஏப்ரலில் ஆற்றங்கரைக்கு இறங்கவே கூடாது. பாலத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வெளிச்சம் தெரிந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். கூரையில் பெட்டியோ சைக்கிளோ கட்டிய வான்கள் நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தை வாசித்துவிட்டே நுழைய வேண்டும். சிகரெட், பார்பிக்யூ, பிறந்தநாள் மத்தாப்பு எதுவும் பாலத்தின் கிட்டவும் வேண்டாம்.

பழைய பாலங்கள் பழுதுபார்ப்புக்காக அடிக்கடி மூடப்படும். புறப்படும் காலையிலேயே கியூபெக் 511 சாலைத் தகவல் சேவையிலும் அந்த ஊராட்சியின் அறிவிப்பிலும் நிலையைப் பார்த்துவிடுங்கள். பாதை மூடியிருந்தாலும் பல இடங்களில் நடந்து உள்ளே போக விடுவார்கள். பாலத்தைப் பார்க்க அதுவே நல்ல வழி.